தோழி சொல்ல வந்தபோது

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இப்படியான விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் நாங்கள் களவாய்ப் பிடுங்கித் தின்ற நெல்லிக்காயைப் பற்றியும் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் செயலாளர் "சட்டத்தரணியாக ஏதாவது பிரயோசனமாய்ப் பேசுங்கோ அக்கா" என்று கேட்டுவிட்டார். அதனால் வீட்டுக்குள் கணவன் கையால் விழுகிற அடியைப் பற்றிப் பேசப் போகிறேன். விழா நாளில் இதென்ன பேச்சு என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999ஆம் ஆண்டு, ஒரு பின்னேரம். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் சுகவீனம் என்று ஒரு மணித்தியாலம் கதைத்தாள். எழும்பும்போதுதான் "அவர் கை நீட்டுறார்" என்றாள். நான் அப்போது கறுப்புக் கோட்டுப் போட்டு நாலு வருஷம். என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளையளுக்காகச் சமாளிச்சுப் போ." அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு அந்தக் கதையை என்னிடம் எடுக்கவேயில்லை. சில வருஷத்தின் பின் அவளுடைய மணிக்கட்டு முறிந்ததாக வேறொருத்தி மூலம் அறிந்தேன். கிணற்றடியில் வழுக்கினேன் என்று வைத்தியரிடம் சொன்னாளாம்.

அண்மையில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ வழக்குப் போட வேணுமெண்டு நான் வரேல்லை. இண்டைக்கு இஞ்ச நில் எண்டு சொல்லுவாய் எண்டு நினைச்சன்" என்றாள்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் பெண்களின் நலன் பற்றி நாடு தழுவிய ஆய்வொன்றைச் செய்தது. கணவனுடனோ துணைவனுடனோ வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், தம் வாழ்நாளில் அவரால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர். இந்த மண்டபத்தில் ஒரு வரிசைக்கு இருபது கதிரை போட்டிருக்கிறார்கள். கணக்கை நீங்களே பாருங்கள்.

1999இல் நான் சொல்லக்கூடிய சட்டமும் குறைவு. இன்று 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "அவரை மறியலுக்கு அனுப்பிப் போடுவினம், பிறகு பிள்ளையளை ஆர் பார்க்கிறது" என்று பயந்தே பலர் வருவதில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது பாதுகாப்புக் கட்டளை. அதைப் பெறுவதால் மட்டும் அவர் மறியலுக்குப் போகமாட்டார். கட்டளையை மீறினால்தான் தண்டனை. அவசரமென்று நீதவான் கண்டால் உடனே இடைக்காலக் கட்டளை தரலாம். விசாரணைக்கு 14 நாளுக்குள் தவணை போடவேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அடி மட்டுமல்ல, ஓயாமல் இழிவுபடுத்திக் கொடுமை செய்வதும் பாரதூரமாக இருந்தால் இதற்குள் வரும்.

எங்கள் பகுதிக்கு இதில் விசேஷமான ஒரு விஷயம் உண்டு. இங்கே பெரும்பாலும் வீடு பெண்ணுடைய சீதனம். உறுதி அவள் பெயரில். ஆனால் நடுச்சாமத்தில் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு படலையைத் திறந்து ஓடுகிறவள் அவள். உள்ளே கால் நீட்டிப் படுக்கிறவர் அவர்! தேசவழமையின்படி அந்த வீட்டை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதால், அவரை வெளியே நிறுத்தவும் முடியாது என்று படித்த பெண்களே நம்பியிருக்கிறார்கள். விற்பது வேறு, இருப்பது வேறு. அவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். என் கட்சிக்காரி ஒருத்திக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நான் இவ்வளவு காலமும் என்ரை வீட்டை விட்டே ஓடினனான்?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் இருக்கிறது. காயத்துக்கு மருந்து கட்டப் போனவள் அங்கே தனியாக இருந்து கதைக்கலாம். தொலைபேசியில் 1938 பெண்களுக்கான உதவி எண். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார்.

ஆனால் இவர்களிடம் போகமுன் அவள் உங்களிடம்தான் வருவாள். "ஏன் இவ்வளவு நாளும் இருந்தனி?" என்று கேட்காதீர்கள். அவளை அறியாமல் அவரிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். நீங்கள் திரும்பி வந்தபிறகு அந்த நியாயத்துக்கும் சேர்த்து அடி வாங்குகிறவள் அவள். அவளுடைய தொலைபேசியை அவர் பார்க்கிறாரா என்று கேட்காமல் வாட்ஸ்அப்பில் ஒன்றும் அனுப்பவேண்டாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உறுதி, வங்கிப் புத்தகம் இவற்றை உங்கள் அலுமாரியில் வைக்க இடம் கொடுங்கள். விட்டுப் போகப்போகிறேன் என்று அவள் வாய்விடுகிற நாட்கள்தான் ஆகவும் ஆபத்தானவை. அதனால் எப்போது போவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். போகவில்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்வது சுகம்; நானே ஒருத்தியோடு கோபித்து மூன்று மாதம் கதைக்காமல் இருந்திருக்கிறேன்.

தேநீருக்குப் பிறகு நான் நூலகத்தில் இருப்பேன். நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தெரிவு செய்கிற வேலையும் அங்கேதான் நடக்கிறது. அதனால் யார் உள்ளே வந்தாலும் ஏன் வந்தாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.