திரும்பிப் போகக் கேட்டவர்



வங்கதேசத்தின் ஷகாபுதீன் அகமதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1954இல் பாகிஸ்தான் ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1960இல் நீதித்துறைக்கு மாறியவர். 1983இல் மாணவர்கள் மீதான துப்பாக்கிச்சூட்டை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தலைவரானார். அவர் அறிக்கையை அரசு வெளியிடவே இல்லை. நமக்கும் பழகிய கதைதான். உயர் நீதிமன்றத்தைக் கூறுபோட்டு ஊர் ஊராக அமைத்த, அன்றைய குடியரசுத் தலைவர் எர்ஷாத்தின் சட்டத் திருத்தம் செல்லாது என்று 1989இல் தீர்ப்பளித்தவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த ஆண்டே மாணவர் போராட்டத்தில் எர்ஷாத் வீழ்ந்தார். தேர்தல்வரை ஆட்சியை யார் நடத்துவது என்ற கேள்வியில், ஒன்றையொன்று நம்பாத கட்சிகள் தலைமை நீதிபதி ஷகாபுதீன் பெயரில் மட்டும் ஒன்றுபட்டன. தேர்தல் முடிந்ததும் நீதிமன்றத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் நிபந்தனை. துணைக் குடியரசுத் தலைவர் விலக, அந்த இடத்தில் இவர் அமர, பிறகு எர்ஷாத் விலக, டிசம்பர் 6 அன்று சட்டப்படியே அதிகாரம் கைமாறியது. 1991 பிப்ரவரி 27இல் தேர்தல். கலீதா ஜியா பிரதமரானார். அக்டோபரில் இவர் பழைய நாற்காலிக்குப் போய்விட்டார்.

அதற்காக அரசியல் சட்டத்தைப் பதினோராவது முறையாகத் திருத்தினார்கள். ஒருவருக்காக அப்படிச் செய்யலாமா? ஆட்சியில் தான் போட்ட ஆணையின் மீதே வழக்கு வந்தால் என்ன செய்வது? எனக்கு அந்த நெருடல் போகவில்லை. ஆனாலும், போக வேண்டிய நாளில் போகத் துடித்தவர் என்பதால்தான் அந்த ஏற்பாடு பலித்தது.

தேர்தல்வரை நீதிபதி ஒருவர் ஆட்சி நடத்தும் அந்த ஏற்பாட்டையே 1996இல் விதியாக்கினார்கள். கடைசியாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதியே இடைக்கால அரசை ஏற்க முதலில் அழைக்கப்பட வேண்டியவர் என்றானது. இரண்டு தேர்தல்கள் அப்படி நடந்தன. அதற்குள் எந்த நீதிபதி எப்போது ஓய்வுபெறுவார் என்று கட்சிகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டன. 2004இல் நீதிபதிகளின் ஓய்வு வயது 65இலிருந்து 67 ஆனது. வேண்டியவரைக் கொண்டுவரவே இந்த வேலை என்று எதிர்க்கட்சி கொதித்தது. 2006இல், முறைப்படி வரவேண்டிய முன்னாள் தலைமை நீதிபதி கே.எம். ஹசன் பொறுப்பேற்க மறுத்தார். தெருக்களில் மோதல், சாவுகள். 2007 ஜனவரியில் நெருக்கடி நிலை. மக்கள் வாக்களிக்க 2008 டிசம்பர் ஆயிற்று.