பெண் கையும் தலையெழுத்தும்

(கப்பலூர்க் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பெண்ணின் உடம்பு பலவீனமானதென்றும், பிள்ளை பெற்றபின் அடுப்படியே அவளுக்குக் கதியென்றும் பலர் உபதேசம் செய்து வருகின்றார்கள். ஆதாரம் கேட்டால் சாஸ்திரத்தைக் காட்டுவார்களேயொழிய, பிரத்தியட்சமாக ஒன்றும் காட்டமாட்டார்கள். நாம் காட்டுகின்றோம்.

மணிப்பூரில் ஏழை உழவுக் குடும்பத்தில் பிறந்த மேரி கோம், தகப்பனாருக்குத் தெரியாமலே குத்துச்சண்டை பயின்றவர். 2006-க்குள் மூன்று முறை உலகப் பட்டம் வென்றார். 2007-ல் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றார். மறு வருஷமே நான்காவது பட்டம்! 2010-ல், 48 கிலோ எடைப் பிரிவில், ஐந்தாவது!

ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1904 முதலே இருந்த குத்துச்சண்டைப் பதக்கம், பெண்களுக்கு 2012-ல்தான் திறக்கப்பட்டது. அப்போதும் ஆண்களுக்கு 10 எடைப் பிரிவுகள், பெண்களுக்கோ மூன்றே. அவற்றில் சிறியதே 51 கிலோ. 48 கிலோக்காரிக்கு இடமேயில்லை. அவர் தலையெழுத்தென்று அழுதாரா? இல்லை. எடையைக் கூட்டிக்கொண்டு, தம்மைவிடப் பெரிய உடம்புக்காரிகளோடு மோதி வெண்கலம் பெற்றார். 2014 ஆசிய விளையாட்டில் அதே 51 கிலோவில் தங்கம். 2018-ல் திரும்பவும் 48 கிலோவுக்கு இறங்கி ஆறாவது உலகப் பட்டம்.

ஆகவே, பலவீனம் பெண்ணின் கையிலா இருந்தது? கதவை அடைத்தவர்களின் விதிகளில் அல்லவா இருந்தது? அடைத்தவனே, "அவளால் வர முடியவில்லை" என்பது என்ன யோக்கியதை?

1929 செங்கற்பட்டு மகாநாட்டில் நாம் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம். ஊர்த் திடலும் பொதுச் சொத்தே. அதில் பாதியை உங்கள் பெண்மக்களுக்கு விடுங்கள்; பலவீனம் யாருக்கென்பது பிறகு தெரியும்.