கூதிர்க் காலமும் குடும்ப மகிழ்ச்சியும்

(மங்கலம்பேட்டையில் நம்மவர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், மழையும் பனியும் நீடிக்கும் மாதங்களில் ஒரு குடும்பம் தன் வீட்டினுள்ளே மகிழ்ந்திருப்பது எங்ஙனம் என்பதாகும். "சூளை எரியாத காலத்தில் மகிழ்ச்சியைப் பற்றியா பேச்சு?" என்று நம்மவருட் சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்பிலும் நியாயம் உண்டு. எனினும் இறுதிவரை பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. உழுவார்க்கு மழை வரமாகும். மண்ணை வனைந்து பிழைக்கும் நம் குடிக்கோ அது சோதனையாகும். மண் எடுக்கும் ஏரி நிரம்பிவிடும். வனைந்த பச்சைப் பாண்டம் உலராது. சாரல் பட்டால் கரையும். விறகு நனைந்தாற் சூளை வைக்க இயலாது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் அகலும் பொம்மையும் வார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே இடர்தான். களிக்குழம்பின் நீரை அச்சு உறிஞ்சினாலன்றோ பொம்மை கெட்டிப்படும்? ஈரக் காற்றில் அச்சே உலர்வதில்லை. கார்த்திகைக்கு அகலும் பொங்கலுக்குப் பானையும் ஊரார் கேட்பதும் இம்மாதங்களிலேயே. கேட்பார் மிகுந்த காலமும் நாம் கைகட்டி இருக்கும் காலமும் ஒன்றாக வாய்த்தன. மண்பாண்டத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணத் தொகை என்று அரசினர் தனியே வழங்கி வருவதும் இதுபற்றியே.

பணமுடை ஒருபுறம் இருக்க, அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. வேலையற்ற ஆடவன் மதுக்கடையை நாடுகின்றான். அடுப்படியில் இருப்பவள் கடன்காரனுக்கு விடை சொல்கின்றாள். பிள்ளைகள் மூலைக்கொருவராய்க் கைப்பேசியிற் கண் புதைத்திருக்கின்றனர். ஒரே கூரையின்கீழ் நால்வரும் தனித்தனியே வாழ்கின்றனர். தனித்திருப்பார்க்கே காலம் நீளும் என்பதை நாம் மறந்தோம்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடிய 'நெடுநல்வாடை' என்னும் பாட்டு இக்கூதிர்க் காலத்தையே கூறுவது. அதிலே, மழைக்கு மேட்டுநிலம் ஏறிய கோவலர் கூடி நின்று நெருப்பிற் கை காய்கின்றனர்; ஊரார் குளிர்ந்த நீர் உண்பதை விடுத்துக் கணப்புத் தீயை நாடுகின்றனர். அரண்மனையிலோ, போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்த அரசி, வேண்டுவன யாவும் இருந்தும் வருந்துகின்றாள். தனித்திருந்த அவளுக்கு வாடை நெடிது. வினைமேற் சென்ற அரசனுக்கு அது நல்லது. ஆதலின் பாட்டுக்கு அப்பெயர் என்பர் உரையாளர். மாடமாளிகையிற் கிட்டாத ஆறுதல், நெருப்பைச் சூழ்ந்த கோவலர்க்குக் கிட்டியது. கணப்புக்கு வேண்டிய சட்டியை வனைவது நம்மவர் கையன்றோ!

நிற்க. ஏட்டிற் கண்டது போதும். வீட்டிற் கண்டதைச் சொல்வோம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை இங்குள்ளோர் மறந்திரார். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வீழ்ந்தமையால் நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருண்டு கிடந்தன. பொங்கலுக்குப் பதினாறு நாளே இருந்தது. எம் வீட்டுக் கொட்டகையின் கூரை பறந்தது. அடுக்கியிருந்த பச்சைப் பானைகள் மறுபடியும் மண்ணாயின. எம் தந்தையார் அச்சேற்றின் நடுவே குந்தியவர் நெடுநேரம் எழவில்லை.

அந்தி சாய்ந்தது. எம் பாட்டியார் உள்ளே சென்று, கார்த்திகைக்கு விலைபோகாமல் ஒதுக்கிய கோணல் அகல்கள் ஒரு கூடை கொணர்ந்தார். இருந்த சிறிது எண்ணெயில் ஐந்து அகல் ஏற்றினார். உடைந்த பானையின் அடிப்பகுதியிற் கரி இட்டுக் கணப்பு மூட்டினார். "வா அப்பா, பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்று மகனை அழைத்தார். அவ்வளவே சொன்னார். கொள்ளு ரசமும் கேழ்வரகுக் களியும் அன்றைய உணவு. உண்டபின் கரித்துண்டால் தரையிற் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடினோம். தந்தையார் புலியாக இருந்து தோற்றார். வேண்டுமென்றே தோற்றார் என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று. மின்சாரம் மீளும்வரை ஒவ்வோர் இரவும் அவ்வாறே கழிந்தது. நட்டம் நட்டமே, கடன் தீர ஈராண்டு ஆயிற்று. ஆயினும் அந்நாட்களில் எம் வீட்டில் ஒருவரும் தனித்திருக்கவில்லை.

இஃது எம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நார்வே நாட்டின் வடகோடியில் திரோம்சோ என்னும் நகரம் உள்ளது. அங்கே குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு திங்கள் சூரியன் எழுவதில்லை. அந்நாட்டின் வடபகுதி மீன் தொழிற்சாலைகளில் இலங்கைத் தமிழர் பலர் சென்ற நூற்றாண்டின் இறுதியிற் பணியாற்றினர். திரோம்சோவில் உள்ளநூல் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க அம்மையார் ஒருவர், அந்நகரத்தார் குளிர்காலத்தைச் சகித்துக் கொள்ளவில்லை, எதிர்நோக்கி வரவேற்கின்றனர் என்று கண்டார். மெழுகுவத்தி ஏற்றிக் கம்பளி போர்த்துக் கூடியிருக்கும் காலமென அவர்கள் அதனைக் கருதுகின்றனர். இரண்டு திங்கள் இருளில் அது கூடுமாயின், சில வார மழையில் நமக்குக் கூடாதா?

ஆதலின் நம் குடும்பத்தார்க்குச் சில சொல்வோம். சூளை எரியும் மாதங்களில் வாரந்தோறும் ஒரு சிறு தொகையை மழைக்கென ஒதுக்கி வையுங்கள். வெறும் அடுப்பைச் சுற்றி மகிழ்ந்திருத்தல் அரிது. அந்தியில் ஒரு நாழிகை கைப்பேசிகள் மாடத்தில் உறங்கட்டும். பல்லாங்குழி, தாயம், விடுகதை, பாட்டன் பாட்டியர் கதை இவற்றுள் ஒன்று நாள்தோறும் நடைபெறட்டும். சிறுவர் கையிற் களிமண் கொடுங்கள். யானையோ குதிரையோ செய்யட்டும். தொழிலும் கைவரும், பொழுதும் போகும். இவ்வின்பத்தை ஆக்கும் சுமை மாதர் தலையில் மட்டும் விழலாகாது. கணப்புக்குக் கரி உடைப்பதும் களி கிண்டுவதும் ஆடவர்க்கு இழிவன்று; தொழில் ஓய்ந்த காலத்தில் அதுவே அவர் தொழில்.

நாம் ஆயிரம் வீடுகளுக்கு அகல் விற்கின்றோம். இக்கார்த்திகையில் கோணலாய்ப் போனதில் ஒன்றையேனும் நம் வீட்டிற்கென எடுத்து வைத்து, அதனைச் சுற்றி எல்லாரும் அமர்வோமாக.