ஓய்வுக் காலத்துக்கு லாப ஈவு
(ஐம்பதாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



வேலை ஓய்ந்தபின் வீட்டுக்கு வரும் வருமானம் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். நம் பெற்றோரில் பலர் தோட்டத்திலும் கடையிலும் உழைத்தவர்கள். பிள்ளைகளில் பலர் பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனவர்கள். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். அதை எடுத்த கையோடு, "மாதாமாதம் நிச்சய லாபம்" என்று யாராவது வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

லாப ஈவு நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வந்தது. பால்மரம் சீவியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்களானார்கள். லாபம் வந்தால் ஈவு உண்டு. ரப்பர் விலை விழுந்தால் ஈவும் குறையும்.

புர்சா மலேசியா பங்குகளுக்கும் இதே கணக்குத்தான். வட்டி என்பது லாபமோ நட்டமோ பேசிய தொகையைக் கேட்பது. ஈவு என்பது தொழிலில் கூட்டுச் சேர்ந்தவனின் பங்கு. ஆகவே, நிச்சயத் தொகை தருவோம் என்பவர் விற்பது ஈவு அல்ல.

வாங்குமுன் நான்கு காரியங்களைப் பார்ப்போம்.

ஒன்று: பத்திர ஆணையத்தின் ஷரியா ஆலோசனை மன்றம் மே, நவம்பர் மாதங்களில் அனுமதிக்கப்பட்ட பங்குகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா? பணம் கேட்பவருக்கு அந்த ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா?

இரண்டு: 5 வெள்ளிப் பங்குக்கு ஆண்டுக்கு 20 சென் ஈவு என்றால் 4 விழுக்காடு. பங்கு விலை 2.50 வெள்ளிக்கு விழுந்தால் அதே 20 சென் 8 விழுக்காடாகத் தெரியும். அது வளர்ச்சி அல்ல. பல வேளைகளில் ஈவு குறையப் போவதன் அறிகுறி.

மூன்று: 4 விழுக்காட்டில் மாதம் 500 வெள்ளி வர 150,000 வெள்ளி முதல் வேண்டும். ஆகவே 30 வயதிலேயே சிறுகச் சேர்ப்பதே வழி. ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் போடவேண்டாம். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள பணத்தைத் தொடவும் வேண்டாம்.

நான்கு: பங்குக் கணக்கின் விவரத்தை மனைவி மக்களிடம் சொல்லி வையுங்கள். கேட்பாரற்ற ஈவு அரசாங்கத்தின் கணக்காளர் நாயகத்திடம் போய்ச் சேரும். வாரிசுகளுக்குத் தெரிந்தால்தான் அதைக் கேட்டுப் பெற முடியும்.

ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.