மாம்பூவில் மொய்க்கும் நாலறிவுயிர்கள்

ஈ, தேனீ, வண்ணத்துப்பூச்சி ஆகிய அனைத்தையும் நாலறிவுயிர் என்ற ஒரே வரிசையில் வைத்தது நம் சமயம். தேனை விலக்கி வாழும் நாம், அவற்றைப் பிரித்தறியப் பழகினோமா?

இராசபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குச் செல்லும் மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் மிகுதி. பூக்காலத்தில் ஒரு பூங்கொத்தின் அருகே அசையாது நின்று பாருங்கள். மொய்ப்பவற்றுள் பல ஈக்களாகவே இருக்கும். நாம் வீட்டில் விரட்டுகிறோமே, அந்த ஈயின் உறவுகள்தாம் மாவுக்கு மகரந்தம் சுமக்கின்றன. மஞ்சளும் கறுப்புமாய் வரியிட்டு, காற்றில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பது மலர் ஈ. தேனீயென்று அஞ்ச வேண்டா; அதற்குக் கொடுக்கே இல்லை. ஈக்குச் சிறகு இரண்டு, தேனீக்கு நான்கு. சிறகை எண்ண இயலாவிடில் பின்னங்காலை நோக்குக. அங்கே மகரந்த உருண்டை இருந்தால் தேனீ. எறும்பளவே உள்ள கரிய கொசுத்தேனீயும் அவ்வாறே சுமக்கும், அதுவும் கொட்டாது.

வீட்டுத் தோட்டத்துக் கத்தரிப்பூவின் நிலை வேறு. அதன் மகரந்தம் சிறு துளையுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். கரிய பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றி, உடலை அதிரச் செய்து அதனை உதிர்க்கும். அந்த ரீங்காரம் கேட்டுத் துடைப்பம் எடுப்போர் உண்டு, நானும் எடுத்திருக்கிறேன்.

தோப்புடையோர்க்கு ஒன்று. தத்துப்பூச்சிக்கென்று விரிந்த பூவில் மருந்து தெளித்தால், காய் தரவந்த இவையும் உடன் மடியும். பூ விரியுமுன்பே மரத்தைக் கவனித்துக்கொள்க.

வரும் தை மாதம் குழந்தைகளோடு செல்வோர், முற்பகலில், பூவின்மேல் தம் நிழல் விழாதவாறு நின்று காண்க.