சொல் சென்று சேரும் தொலைவு



கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் புகழ்பெற்றவர். அக்காலம் போயிற்று. இன்று ஐம்பது பேர் கூடும் கவியரங்கிலும், நூறு பேர் சூழ்ந்து நிற்கும் கும்மிக் களத்திலும் ஒலிபெருக்கிப் பெட்டி முதலில் வந்து அமர்கிறது. எந்தப் பெட்டி என்பதை வாடகைக்கு விடுபவரே முடிவு செய்கிறார். அவர் பெரியதைக் கொண்டுவருகிறார். ஓசை காதைப் பிளக்கிறது, சொல் விளங்குவதில்லை. பழி கவிஞன்மேல் விழுகிறது.

சொல் விளங்காமைக்குக் காரணம் உண்டு. உயிரெழுத்தின் வலிமை பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் தங்குகிறது. மெய்யெழுத்தின் கூர்மையோ ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை நம்பியிருக்கிறது. அப்பகுதி மங்கினால் படம், தடம், கடம் மூன்றும் ஒன்றாகிவிடும். ஆகவே பெட்டியைச் சோதிக்கத் திரைப்பாட்டை ஓடவிடுவது போதாது. ஒருவர் மேடையில் நின்று இயல்பான குரலில் கவிதை வாசிக்கட்டும். மற்றொருவர் கடைசி வரிசையில் இருந்து கேட்டு எழுதட்டும். எழுதியதில் பிழையில்லையேல் பெட்டி தேறிற்று.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியின்மேல் அச்சிட்ட எண் பல வேளைகளில் கணநேர உச்சத்தைக் குறிப்பது; தொடர்ந்து தாங்கும் அளவையே கேட்க வேண்டும். வாட் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபெல்தான். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல் குறைகிறது. எனவே ஒரே பெட்டியை அலறவிடுவதினும், இரண்டு சிறு பெட்டிகளைக் கேட்போர் அருகே வைப்பது நன்று. பெருக்கி உள்ளேயே அமைந்த பெட்டிகள் இதற்கு ஏற்றவை. தனிப் பெருக்கியைச் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் மின்இணைப்பு வேண்டும். நூறு பேர் அமரும் கூடத்துக்கு 8 அல்லது 10 அங்குலப் பெட்டிகள் இரண்டு பொதுவாகப் போதும்.

இடமும் முக்கியம். திருப்பூரில் கூட்டங்கள் தகரக் கூரைக் கொட்டகையிலும், சிமெண்டுச் சுவர்கள் சூழ்ந்த மாடிக் கூடத்திலும் நடக்கின்றன. எதிரொலி அங்கே சொல்லை விழுங்குகிறது. சிறு ஒலிவாய்களை மேலும் கீழுமாக அடுக்கிய தூண் வடிவப் பெட்டி, ஒலியைப் பக்கவாட்டில் பரப்பி, கூரைக்குப் போவதைக் குறைக்கிறது. எப்பெட்டியாயினும் கேட்போர் தலைக்கு மேல் உயர்த்தி, மைக்குக்கு முன்னே நிறுத்தினால் ஊளைச் சத்தம் தணியும்.

வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். அக்கலையில் ஆட்டத்தைக் கண் காண்கிறது. கதையைக் காதுதான் அறிய வேண்டும். சிறு களத்தில் உருமிக்கும் பறைக்கும் மைக்கு வேண்டாம். அது பாடுபவருக்கே உரியது.

இறுதியாக ஒன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என வரையறுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பின்னலாடை ஊரில், இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் அடுத்த சுவருக்கு அப்பால் உறங்குகிறார். இரவெல்லாம் இயந்திர இரைச்சல் கேட்ட காது அது. அதனை எழுப்பாமல் கடைசி வரிசை வரை சொல்லைக் கொண்டுசேர்க்கும் பெட்டியே கவிஞனுக்கு உகந்த பெட்டி.