தலையில் பட்ட அடி
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

போன மாதம் நம் கார் பார்க்கிங்கில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் செயலாளரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். கேட்ச் பிடிக்க ஓடிய என் பேரனின் தலை தூணில் மோதியது. ரத்தம் வரவில்லை. "ஒண்ணுமில்லடா" என்று எழுந்தவன் இன்னும் ரெண்டு ஓவர் போட்டிருக்கிறான். வீட்டுக்குத் தெரிந்தால் இனி விளையாட விடமாட்டார்கள் என்று பையன்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். ராத்திரி தோசைத் தட்டைத் தள்ளி வைத்தான். டியூப்லைட் கூசுகிறது என்றான். கேட்டதையே திரும்பக் கேட்டான். அப்புறம்தான் தலையைத் தடவிப் பார்த்தோம். பின்பக்கம் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு.

இதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கி, அதன் வேலை கொஞ்ச காலம் தடுமாறுவது. மயக்கம் வந்தே ஆகவேண்டும் என்றில்லை. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம்.

2020 டிசம்பர் 4, கான்பெரா டி20 ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நம் சேலத்து நடராஜன் முதல் டி20-யிலேயே மூன்று விக்கெட் எடுத்தாரே, அதே ஆட்டம். கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடினார். இடைவேளையில்தான் தலை சுற்றுகிறது என்றார். அவருக்குப் பதில் இறங்கிய சாஹல் ஆட்டநாயகன் ஆனார். ஆஸ்திரேலியாக்காரர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு என்னவோ அந்த விதி ரொம்பச் சரி என்றே படுகிறது. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுக்கத் தடுக்காது.

ரமன் லாம்பா கதை வேறு. 1998 பிப்ரவரி 20, டாக்காவில் கிளப் ஆட்டம். ஓவரில் சில பந்துதானே பாக்கி என்று ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பந்து நெற்றியில் பட்டது. தானே நடந்துதான் வெளியே போனார். உள்ளே ரத்தக் கசிவு. மூன்றாம் நாள், 23-ஆம் தேதி, இறந்துபோனார். வயது 38.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலும் தலையில் படும் சின்ன அடி தானாகச் சரியாகிவிடும். அன்று ராத்திரி நானும் போனில் தேடித் தேடிப் படித்து, இல்லாத நோயெல்லாம் அவனுக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் பரிசோதித்துவிட்டு ஸ்கேன் வேண்டாம் என்றார். ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டுமே தவிர, கன்கஷனைக் காட்டாதாம். முதல் ரெண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவு. பிறகு பள்ளிக்கூடம், நடை, ஓட்டம் என்று படிப்படியாக. மூன்று வாரம் கழித்துத்தான் மட்டையைத் தொட்டான். முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் ஆபத்து அதிகம் என்பதால்தான் அவ்வளவு கண்டிப்பு.

தூங்கவே விடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். ஆபத்தான அறிகுறி இல்லையென்றால் தூங்கலாம். கூட ஒருவர் இருந்தால் போதும். ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாமை, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது – இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரி ராத்திரியும் திறந்துதான் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் என் வயதுக்காரர்கள் பாத்ரூமில் வழுக்கித் தலையில் அடிபட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். அடிபட்டதைச் சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள். திட்டினால் அடுத்த முறையும் மறைப்பான்.

தம்பிகளா, தலையில் பட்டவன் அன்றைக்கு அவுட். நீங்களே யாராவது அவனை வீட்டில் விட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தத் தூணுக்கு ரெக்ஸின் மெத்தை சுற்றச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். பொருளாளர் தலையாட்டினார். எப்போது என்று சொல்லவில்லை.